பதினான்காம் வினா

ஜூன் 3, 2024, திங்கள்

இன்று எனக்கு எழுபத்து நான்கு வயது, பத்து மாதம், பன்னிரண்டு நாள். மெஹருன்னிசா அனுப்பிய ஒப்புதல் படிவத்தில் 'வயது, ஏறத்தாழ' என்று ஒரு கட்டம் இருந்தது. ஏறத்தாழ என்பது சாம்பாருக்கு உப்பிடுகிறவர்களின் மொழி, ஆய்வாளர்களுக்கு ஆகாது. கட்டத்துக்கு வெளியே நீட்டி முழுவதையும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

மெஹருன்னிசா மருத்துவ உளவியலாளர். நாற்பத்தொரு வயது. கோவையின் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்றாம் மாடி முழுவதும் அவளுடையது. வாய்மொழித் தேர்விலும் நேர்காணலிலும் நாக்கு எழாமல் போகும் இளைஞர்களுக்காக ஆய்வு நடத்துகிறாள். கண்களை முழுவதுமாக மூடும் மெய்நிகர்க் கண்ணாடியை மாட்டிவிட்டால், நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்தப் பிள்ளை ஒரு தேர்வறைக்குள் போய்விடும். மேசை, மின்விசிறி, எதிரே தேர்வாளர். அந்த அறைக்குள் பலமுறை போய்வந்தால் பயம் தேயும் என்பது கருத்து. கருத்து பழையது, கண்ணாடிதான் புதிது.

அவளுக்கு ஒரு தேர்வாளர் தேவைப்படுகிறார்.

"நாடகக்காரங்கள வெச்சுப் பார்த்தோம் மேடம். யாருமே பயப்படல. உங்க முகம்தான் சரியா வரும்" என்றாள் தொலைபேசியில்.

முப்பத்தாறு ஆண்டு உளவியல் பேராசிரியையாக இருந்தேன். இவ்வளவு நேர்மையான பாராட்டை அதற்குள் யாரும் எனக்கு அளித்ததில்லை.

ஜூன் 5, புதன்

மூன்று மணி நேரப் படப்பிடிப்பு. எல்லாப் பக்கமும் கண்ணுள்ள ஒரு கேமராவை, மாணவர் அமரும் நாற்காலியின் மேல், தலை இருக்கவேண்டிய உயரத்தில் நிறுத்தியிருந்தார்கள். அது நாற்புறமும் பார்ப்பதால் அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாதாம். கருவிகளைக் கவனிக்கும் தினகர் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு "ஸ்டார்ட்" என்று கத்தினார். ஆளில்லாத நாற்காலியைப் பார்த்து நான் கேள்வி கேட்டேன்.

நான்கு படிகள். முதற்படியில் நான் அன்பே உருவானவள். சிரித்து, "உட்காரும்மா, தண்ணி குடி" என்கிறேன். இரண்டாம் படியில் சிரிப்பில்லை. மூன்றில் குறுக்கிடுகிறேன். நான்கில் ஆய்வேட்டை மேசைமேல் போட்டு, "இதைப் படிச்சியா, இல்ல பைண்டிங் மட்டும் பண்ணினியா?" என்கிறேன்.

நான்காம் படி ஒரே எடுப்பில் முடிந்தது. முதற்படிக்குப் பதினோரு எடுப்பு.

"மேடம், கொஞ்சம் நெசமாச் சிரிங்களேன்" என்று கதவுக்கு அப்பாலிருந்து தினகர் கெஞ்சினார்.

"இதுதான்யா நெசம்" என்றேன்.

ஜூன் 6, வியாழன்

கன்னம் வலிக்கிறது.

ஜூன் 10, திங்கள்

ஐந்து நாளாக வராத சிறுவாணித் தண்ணீர் இன்று வந்தது. குடங்களையெல்லாம் நிரப்பிய மயிலாத்தாள், இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்தாள். இருபது வருடமாக என் வீட்டில் வேலை செய்கிறவள். என்மேல் மரியாதை வைக்கவேண்டிய கட்டாயத்தை எப்போதோ கடந்துவிட்டாள்.

"டீச்சரம்மா படத்துல நடிச்சீங்களாமா? வில்லியாங்?"

"ஆமா."

"அப்ப மேக்கப்புக்கே வேல இருந்திருக்காதுங்."

மாலையில் மெஹருன்னிசா ஆய்வுத் திட்டத்தின் அச்சுப்படியைக் கொடுத்தனுப்பியிருந்தாள். நாற்பத்தாறு இளைஞர்கள், மூன்றாண்டு உழைப்பு. அத்தனை பேரின் பயத்தையும் அளப்பது என் அளவுகோல். 1988இல் நான் வெளியிட்ட இருபது வினாக்கள். 'தேர்வு மௌனம்' என்ற சொல்லே என் கட்டுரையிலிருந்து வந்தது. அந்தக் கட்டுரை ஒரே ஒரு பெண்ணைப் பற்றியது: மாணவி கே. தேர்வறையில் ஒரு சொல்லும் பேசாமல் இருந்துவிட்டு, பின்னர் தான் பேசியதாக உறுதியாக நம்பியவள். அந்த நம்பிக்கையையே நோயின் முதன்மை அறிகுறியாக வகுத்தேன். பாடப்புத்தகங்களில் இருக்கிறது.

தொலைபேசியில் மெஹருன்னிசா கேட்டாள்: "மாணவி கே இப்ப எங்க இருக்காங்க மேடம்? ஏதாவது தகவல் உண்டா?"

"இல்லை" என்றேன். பிறகு சமையலறை அலமாரிகளுக்கு விரிப்புக் காகிதம் மாற்றினேன். சென்ற மாதம்தான் மாற்றினேன் என்று மயிலாத்தாள் நினைவூட்டினாள். அவள் நினைவாற்றலை யாரும் கேட்கவில்லை.

ஜூன் 14, வெள்ளி

விந்தையான செய்தி. படிகள் தலைகீழாகிவிட்டன. ஒவ்வொரு அமர்விலும் பிள்ளைகள் தங்கள் பயத்துக்குப் பூஜ்யத்திலிருந்து நூறுவரை ஓர் எண் சொல்ல வேண்டும். நான் ஏட்டை மேசைமேல் போடும் நான்காம் படிக்கு நாற்பது, ஐம்பது. நான் சிரிக்கும் முதற்படிக்கு எண்பது.

"மொதல் படியிலதான் எல்லாரும் மாட்டிக்கறாங்க மேடம். ஏணில கீழ்ப்படிதான் ஒசரமா இருக்கு" என்றாள் மெஹருன்னிசா. சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

"என் பல் அமைப்பு அப்படி."

"பல் இல்ல மேடம். ஒரு பொண்ணு காரணம் சொல்றா. நீங்களே வந்து கேளுங்க."

ஜூன் 18, செவ்வாய்

பெண்ணின் பெயர் பவதாரணி. வயது இருபத்திரண்டு. கோபிச்செட்டிபாளையம் பக்கம். தந்தை அங்கே பால் சங்கத்தில் செயலாளர். முதுகலைத் தாவரவியல். எழுத்துத் தேர்வுகளில் முதல் வகுப்பு. ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில் மட்டும் இரண்டு முறை தோல்வி. இரண்டு முறையும் குறிப்பு ஒன்றே: 'வினாக்களுக்கு விடையளிக்கவில்லை.' சிகிச்சை பெற்றுத் தேறிவிட்டாள் என்று மெஹருன்னிசா சான்று கொடுத்தால் கல்லூரி மூன்றாம் வாய்ப்புத் தரும்: ஜூலை 15. சான்று ஜூலை 12 மாலைக்குள் போய்ச் சேரவேண்டும். தவறினால் பட்டம் இல்லை. வாழைத் திசு வளர்ப்புக்கூடம் ஒன்றில் ஆகஸ்டில் சேரும்படி வந்திருக்கும் வேலையும் இல்லை.

நான் அறைக்குள் நுழைந்ததும் துள்ளி எழுந்து நின்றாள். கண்ணாடிக்குள் என்னை ஒன்பது முறை பார்த்திருக்கிறாள்.

"நீங்க நெசமாலுமே இருக்கறீங்களாங்க?" என்றாள். குரல் அவ்வளவு மெலிது. அவள் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

"இதுவரைக்கும் இருக்கேன். நான் சிரிச்சா உனக்கு என்ன பயம்?"

தரையைப் பார்த்து யோசித்தாள். "திட்டறவங்களுக்கு நாம சொன்னது காதுல உளுந்திருக்குதுன்னு தெரியுதுங்க. அதனாலதான திட்டறாங்க. சிரிக்கறவங்க என்ன எழுதப்போறாங்கன்னே தெரியாதுங்க."

மெஹருன்னிசா வேகமாகக் குறிப்பெடுத்தாள். நான் மின்விசிறியின் வேகத்தைக் குறைக்கச் சொன்னேன்.

ஜூன் 19, புதன்

மின்விசிறி வேகமாகச் சுழலவில்லை. அது உண்மை.

ஜூன் 21, வெள்ளி

சிக்கல் எங்கே என்பது இன்று தெளிவானது. என் அளவுகோலில் நாற்பதுக்குக் கீழே வந்தால்தான் சான்று. பவதாரணி நாற்பத்து மூன்றில் நிற்கிறாள். தூக்கம், வியர்வை, நெஞ்சுத் துடிப்பு எல்லாம் இறங்கிவிட்டன. இறங்க மறுப்பது பதினான்காம் வினா.

'தேர்வறையில் நான் பேசினேன். அவர்கள்தான் பேசவில்லை என்கிறார்கள்.' ஆம் என்றால் நான்கு புள்ளி. இல்லை என்றால் பூஜ்யம்.

அவள் ஒவ்வொரு வாரமும் ஆம் என்கிறாள்.

"மொதல் தடவ நான் பேசலீங்க. அத ஒத்துக்கறனுங்க. நாக்கு ஒட்டிக்கிச்சு. ரெண்டாவது தடவ பேசினனுங்க."

"தேர்வாளர் என்ன கேட்டார்?" என்றேன்.

"பாதிக் குடுவை ஏன் பூஞ்சை புடிச்சுதுன்னு கேட்டாருங்க. நம்ம டிபார்ட்மென்ட் ஸ்டெரிலைசர்ல பிரஷர் நிக்கறதில்லீங்க சார், பூஞ்சை சாகறதில்லீங்க, நான் ஆறு வாரம் அளந்து எழுதி வெச்சிருக்கறனுங்கன்னு சொன்னேன். அந்த ஆய்வுக்கூடத்துக்கு அவருதான் இன்சார்ஜுங்க." சற்று நிறுத்தினாள். "சிரிச்சாருங்க."

வெளியே வந்ததும் மெஹருன்னிசா என் முழங்கையைப் பிடித்தாள். "பாத்தீங்களா மேடம், அப்படியே மாணவி கே. கேள்வி, பதில், எதிராளி முகம், எல்லாத்தையும் மனசு துல்லியமா உருவாக்கிடுது. உங்க கட்டுரையில பத்தாம் பக்கம்."

பத்தாம் பக்கமல்ல, பதினோராம் பக்கம். திருத்தவில்லை.

ஜூன் 22, சனி

நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் பேருந்து நிறுத்தம்வரை போனேன். பேருந்து வந்தது. ஏறவில்லை. திரும்பி வந்தேன். பிற்பகலில் மறுபடியும் போனேன். முன்கூடத்தின் இரண்டு நாற்காலிகளையும் இடம் மாற்றினேன். பின்பு பழைய இடத்திலேயே போட்டேன்.

"எதையாவது தொலச்சுட்டீங்களாங்?" என்றாள் மயிலாத்தாள்.

"இல்லை. உடம்புக்கு அசைவு வேணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"நாக்காலிக்குமாங்?"

ஜூன் 26, புதன்

பவதாரணியிடம் தனியாகப் பேசினேன். மெஹருன்னிசா அறியாமல் பேசினேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். ஆய்வு நெறிக்கு அது முரண்.

"ஒரே ஒரு டிக். இல்லைன்னு போடு. முப்பத்தொன்பது வந்துடும். சான்று வந்துடும். பரீட்சையில போய் உரக்கப் பேசு. வேலைக்குப் போ. அதுக்கப்புறம் நீ என்ன நம்பறேங்கிறது உன் சொந்த விஷயம்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தது இதுவே முதல்முறை.

"நீங்க போடச் சொல்றீங்களாங்க? அந்தக் கேள்விய எழுதினதே நீங்கதானுங்களே."

"எழுதினவங்கிற முறையிலதான் சொல்றேன்."

"அப்ப நான் பொய் சொன்னா கொணமாயிட்டேன்னு அர்த்தம். நெசத்தச் சொன்னா நோயி. அப்படித்தானுங்களே?" அவள் குரலில் கோபமே இல்லை. கணக்கைச் சரிபார்க்கும் குரல். "நான் ஆம்னே போட்டுக்கறனுங்க மேடம்."

முப்பத்தாறு ஆண்டாக உலகம் முழுவதும் எடுத்தாளப்படும் ஓர் அளவுகோலை ஆறு வினாடியில் உரித்து வைத்துவிட்டாள். நல்ல ஆய்வாளராக வருவாள். வாழைக்குக் கொடுத்துவைத்திருக்கிறது.

ஜூலை 1, திங்கள்

முதற்படியை மீண்டும் படம் பிடித்தார்கள். மெஹருன்னிசாவின் யோசனை: சிரிக்கவே வேண்டாம், கவனித்துக் கேட்டால் போதும். நாற்காலியிலிருக்கும் கேமராவை நோக்கிச் சற்றே சாய்ந்து, அது பேசி முடிப்பதுபோல் இருபது வினாடி பொறுத்து, "அப்புறம்?" என்று கேட்க வேண்டும்.

இருபது வினாடி நீண்ட நேரம். எதிரே ஆளே இல்லாதபோது எவரையும் கற்பனை செய்துகொள்ள முடிகிறது. யாரைக் கற்பனை செய்யவேண்டும் என்பது மட்டும் நம் கையில் இருப்பதில்லை.

மூன்றாம் எடுப்பில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

"தண்ணி கொண்டாரட்டுங்களா மேடம்?" என்றார் தினகர்.

"விளக்குச் சூடு அதிகம்" என்றேன்.

விளக்குகள் எல்.இ.டி. வகை. சூடு கிடையாது. அவருக்கும் தெரியும்.

ஜூலை 4, வியாழன்

பிள்ளைகளின் குரல் ஓர் எல்லைக்கு மேல் எழுந்தால்தான் கணினி அதைப் 'பதில்' என்று பதிவு செய்யும்; கீழே இருந்தால் 'மௌனம்'. அந்த எல்லையை என் பழைய கையேட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள். 'வகுப்பறையின் மூன்றாம் வரிசைக்குக் கேட்காதது பேச்சாகாது' என்று 1989இல் எழுதினேன். எழுதியபோது வாக்கியம் அழகாக இருந்தது.

பவதாரணியின் பன்னிரண்டு அமர்வுகளில் ஒன்பதைக் கணினி மௌனம் என்று குறித்திருந்தது. தினகருக்கு ஏனோ ஐயம். ஒலிப்பதிவை அப்படியே எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார்.

எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தது. மெல்லிய குரலில், நிறுத்தி, வரிசையாக, சரியாக. என் சிரிப்புக்கு எதிரேயும் பதில் சொல்லியிருந்தாள்.

மெஹருன்னிசா இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "கருவியில எல்லையைக் குறைச்சிடலாம். ஆனா அந்த ரெண்டாவது தேர்வு? அங்க பதிவு எதுவும் இல்லையே மேடம். அறிக்கைதான இருக்கு" என்றாள்.

"அறிக்கை எழுதினவர்தான அறையில இருந்தார்" என்றேன்.

"அதான் மேடம். நாம யாரை நம்பறது?"

அவள் என்னைத்தான் கேட்டாள். நான் தேதி பார்க்கும் பாவனையில் சுவரைப் பார்த்தேன். சுவரில் நாட்காட்டி இல்லை.

ஜூலை 5, வெள்ளி

பதினான்காம் வினாவை நீக்க முடியுமா என்று மெஹருன்னிசாவிடம் கேட்டேன். ஆய்வின் நடுவே வினாவை நீக்கவேண்டுமானால், அதை உருவாக்கியவர் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். நெறிமுறைக் குழு ஏற்கவேண்டும். குழுச் செயலாளர் அதே கட்டடத்தில் இருக்கிறார். ஒரே நாளில் முடியும்.

"நீங்க காரணம் மட்டும் எழுதிக் குடுங்க மேடம். மத்ததை நான் பாத்துக்கறேன்."

ஒரு சொல்தான். காரணம்.

ஜூலை 8, திங்கள்

எழுதிக் கொடுத்தேன்: 'வினாவின் மொழி இக்கால இளைஞர்களுக்குப் பொருட்குழப்பம் தரக்கூடும்.'

ஜூலை 9, செவ்வாய்

திரும்பி வந்தது. ஓரத்தில் செயலாளரின் சிவப்பு எழுத்து: 'இத்தனை ஆண்டுகளாக இல்லாத குழப்பம் இப்போது எழுந்ததற்குச் சான்று தேவை.' கெட்டிக்காரர். என் மாணவராக இருந்திருந்தால் முதல் வகுப்புக் கொடுத்திருப்பேன்.

ரசத்தில் இரண்டு முறை புளி கரைத்து ஊற்றியிருக்கிறேன். மயிலாத்தாள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, வெல்லத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள்.

ஜூலை 10, புதன்

பவதாரணியின் தந்தை கந்தவேல் மருத்துவமனைக்கு வந்திருந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் பால் சங்கத்துப் பேனா. மகளை வைத்துக்கொண்டே எங்களிடம் பேசினார்.

"நீங்க சொல்லுங்க டாக்டரம்மா. நாஞ்சொன்னா கேக்கறதில்ல. ஒரு கோடு போடோணுமாமா, போட மாட்டேங்குது." மகளிடம் திரும்பினார். "அம்முணி, வருசம் ரெண்டு போச்சு. மாமன் ஊட்டுல கேக்கறாங்க, பக்கத்துக் காட்டுல கேக்கறாங்க. அந்த வாத்தியாருதான் பொய் சொன்னாருன்னே வெச்சுக்க. அவரு சொகமா இருக்கறாரு. நீ தான இங்க மூஞ்சில டப்பாவக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கற?"

"நான் பேசலைன்னு நானே எழுதிக் குடுத்தா, அவரு எழுதுனது நெசமாயிருமில்லீங்ப்பா."

"ஆயிட்டுப் போகுது! யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமுங்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, தயங்கி, மரியாதையான குரலில் கேட்டார்: "ஏனுங்க, இந்த மாதிரி முன்னாடி ஒரு புள்ளைக்கு வந்துதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கறீங்களாமா. டாக்டரம்மா சொன்னாங்க. அந்தப் புள்ளை அப்பறம் தேறிருச்சுங்களா?"

"தெரியாது" என்றேன்.

அது முழு உண்மையன்று. அவள் மறுபடியும் தேர்வுக்கு விண்ணப்பிக்கவில்லை என்பதுவரை தெரியும். எம்.ஃபில். பட்டமில்லாமல் ஊருக்குப் போனாள் என்பதுவரை தெரியும். 1990இல் ஒரு வாழ்த்து அட்டை வந்தது. பொங்கல் வாழ்த்து. கீழே பெயர் மட்டும். அது ஏன் அனுப்பப்பட்டது என்பதைப் பல கோட்பாடுகளால் விளக்க முயன்றிருக்கிறேன்.

ஜூலை 11, வியாழன்

காலையில் பேருந்தேறி மருத்துவமனைக்குப் போனேன். கீழ்த்தளத்திலேயே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். காவலர், "யாரைப் பார்க்கோணும் பாட்டி?" என்று இரண்டு முறை கேட்டார். பாட்டி என்றதற்காக அவரைக் கண்டித்தேன். வேறு எதற்காகவோ கண்டிப்பதுபோல் குரல் உயர்ந்துவிட்டது. பாவம், அவர் எழுந்து நின்றார்.

மாலை மெஹருன்னிசா பேசினாள். பவதாரணி கடைசி மதிப்பீட்டிலும் ஆம் என்றே குறித்துவிட்டாள். நாற்பத்து மூன்று.

"நாளைக்கு அஞ்சு மணி கெடு மேடம். என்னால பொய்ச் சான்று தரமுடியாது. அவளாலயும் பொய் டிக் போடமுடியாது. நாங்க ரெண்டு பேரும் ரொம்ப நேர்மையா இருந்து அவ படிப்பைக் கெடுக்கப் போறோம்."

"காலையில எட்டு மணிக்கு வீட்டுக்கு வா" என்றேன்.

ஜூலை 12, வெள்ளி

எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டாள். மயிலாத்தாள் கொடுத்த காபியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். குழுவின் படிவத்தை நான் ஆறு மணிக்கே நிரப்பி வைத்திருந்தேன். காரணம் என்ற கட்டத்தில் இடம் போதவில்லை, தனித்தாள் இணைத்திருந்தேன்.

நின்றுகொண்டே படித்தாள். இரண்டாம் முறை உட்கார்ந்து படித்தாள்.

"மேடம், இதைக் குழுவுல வெச்சா பதினாலாம் கேள்வி மட்டும் போகாது."

"தெரியும்."

"அளவுகோலே போயிடும். நாற்பத்தாறு பேரோட கணக்கும் போயிடும். என் மூணு வருஷம்."

"தெரியும். அதுக்கு உங்கிட்ட மன்னிப்புக் கேட்கலாம். ஆனா அது உனக்கு எந்த வகையிலயும் பயன்படாது."

அவள் முகம் சிவந்தது. "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல? ஆரம்பிக்கறப்பவே? உங்க காலைத் தொட்டுக் கேட்டேனே, இந்த அளவுகோலை எடுத்துக்கட்டுமான்னு!"

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

அந்தக் கேள்விக்கு நான் வாயைத் திறக்கவில்லை. என் அளவுகோல்படி அதுவும் ஓர் அறிகுறிதான்.

மெஹருன்னிசா தாளின் அடியில் என் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு தாளைக் கவனமாக மடித்து உறையில் போட்டுக்கொண்டாள். ஆறிய காபியை ஒரே மூச்சில் குடித்தாள். "செயலாளர் ஒன்பது மணிக்கு வருவார். அளவுகோல் இல்லாம, ஒலிப்பதிவையும் மத்த அளவுகளையும் வெச்சே பவதாரணிக்கு மூணு மணிக்குள்ள சான்று போயிடும். திங்கட்கிழமை தேர்வை ஒலிப்பதிவு பண்ணணும்னு கல்லூரிக்கு நானே எழுதறேன்" என்றாள். வாசல்படியில் செருப்பை மாட்டும்போது திரும்பாமலே சொன்னாள்: "உங்ககிட்ட அப்புறமா பேசறேன் மேடம். எப்பன்னு தெரியல."

அது நியாயம்.

அந்தத் தாளில் எழுதியதை இங்கும் எழுதிவைக்க வேண்டும். ஏனெனில் 1987ஆம் ஆண்டுக் குறிப்பேட்டை இன்று காலை பரண்மேலிருந்து இறக்கிப் பார்த்தேன். ஏப்ரல் 9, வியாழன் என்ற தேதியின் கீழே என் கையெழுத்தில் ஒரே வரி: 'பெண் வாயே திறக்கவில்லை.' வேறு யாரும் படிக்காத குறிப்பேட்டிலும் பொய் எழுதியிருக்கிறேன். படிக்கப்போகிறவள் நான் ஒருத்திதான் என்பதால்தான் எழுதியிருப்பேன்.

மாணவி கே என்பது கஸ்தூரி. இருபத்து நான்கு வயது. எம்.ஃபில். வாய்மொழித் தேர்வுக்கு நான் புறத்தேர்வாளர். என் முனைவர் பட்ட ஆய்வில் நான் உருவாக்கிய வினாத்தாளை அவள் விடுதிப் பெண்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கொடுத்து ஆய்ந்திருந்தாள். அவளுடைய முடிவுகள் என் முடிவுகளுக்கு ஏன் மாறாக இருக்கின்றன என்று கேட்டேன். அந்த நேரம் அவளுடைய வழிகாட்டி தேநீர் சொல்ல வெளியே போயிருந்தார். அறையில் நாங்கள் இருவர்தான்.

கஸ்தூரி பதில் சொன்னாள். மெல்லிய குரலில், தமிழில் சொன்னாள். என் வினாத்தாளில் ஆறாம் வினாவுக்கும் பதினோராம் வினாவுக்கும் மதிப்பெண் தலைகீழாக இடப்பட்டிருக்கிறது என்றாள். திருப்பிப் போட்டுப் பார்த்தால் என் ஆய்வின் முடிவு நிற்கவில்லை என்றாள். அட்டவணையைப் புரட்டிக் காட்டினாள்.

நான் புன்னகைத்தேன். வழிகாட்டி திரும்பி வந்தபோது, 'வினாக்களுக்கு விடையில்லை' என்று எழுதி முடித்திருந்தேன். தான் பேசியதாக அவள் அழுதபடி பலரிடமும் சொல்லத் தொடங்கியதும், அதை நோய் என்று பெயரிட்டு ஒரு கட்டுரையும், அந்தக் கட்டுரையிலிருந்து ஓர் அளவுகோலும் செய்தேன்.

அவள் சொன்ன பதில் சரி. எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.